பழைய காருக்குப் புது பிளக் ஒயர்... வாங்கும் முன் மூன்று கேள்விகள்!

“இன்ஜின் போச்சு சார். இறக்கிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

வீட்டில் பழைய அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் வார்த்தை இது. வண்டி மேடு ஏறும்போது திணறுகிறது. சைலன்ஸரில் ‘டப்... டப்’ என்று வெடிக்கிறது. மழை பெய்த மறுநாள் காலையில் செல்ஃப் சுற்றுகிறதே தவிர, ஸ்டார்ட் ஆவதில்லை. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பெட்ரோல் பம்ப்பையும் மாற்றியாயிற்று. வியாதி மட்டும் தீரவில்லை. கடைசியில் பழி இன்ஜின் மேல் விழுகிறது. செலவுக் கணக்கைக் கேட்ட குடும்பம், தாத்தா ஓட்டிய வண்டி என்ற பாசத்தை ஒதுக்கிவிட்டு, எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பிக்கிறது.

இத்தனை அறிகுறிகளையும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஓர் ஒயரால் உண்டாக்க முடியும். அதுதான் பிளக் ஒயர். மெக்கானிக்குகள் சிலர் ‘ஹை டென்ஷன் ஒயர்’ என்றும் சொல்வார்கள். இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டிய பாகம் இது. மாற்றுவதற்கு ஆகும் செலவு, இன்ஜினைக் கழற்றி மாட்டும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால், கடைக்குப் போய் “பிளக் ஒயர் ஒரு செட் கொடுங்க” என்று மட்டும் கேட்டால் போதாது. உங்கள் வண்டிக்குப் பொருந்தாத புது ஒயர், பழைய ஒயரைவிட அதிகத் தொல்லை கொடுக்கும்.

நூறு முறை அடிக்கும் மின்னல்

கார் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி பாய இது எந்த மூலைக்கும் போதாது. அந்த 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்துவது இக்னிஷன் காயில். தேவைக்கு ஏற்ப 10,000, 20,000 வோல்ட் என்று ஏறும்.

காயிலில் பிறக்கும் அந்த மின்சாரம், நடு ஒயர் வழியாக டிஸ்டிரிபியூட்டர் கேப்புக்கு வருகிறது. கேப்புக்குள் சுற்றும் ரோட்டார், எந்த சிலிண்டரின் முறையோ அதற்கு உரிய ஒயருக்கு அதைத் தள்ளிவிடுகிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் ஆக மொத்தம் ஐந்து ஒயர்கள்: காயிலில் இருந்து வருவது ஒன்று, பிளக்குகளுக்குப் போவது நான்கு.

இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கிலும் நொடிக்கு 25 முறை பொறி அடிக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து நொடிக்கு 100 முறை. காயிலின் நடு ஒயர் இந்த 100 முறையையும் தனி ஆளாகச் சுமக்கிறது. அதனால்தான் நடு ஒயர் கெட்டால் வண்டி முழுவதுமாகப் படுத்துவிடும். பிளக் ஒயர் ஒன்று கெட்டால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ‘மிஸ்’ அடிக்கும்.

மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். ஒயரின் மேலுறையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும், பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். மேடு ஏறும்போது இது இன்னும் அதிகம். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக நுழைந்து இறுகுகின்றன. இறுகிய காற்றைத் தாண்டிப் பொறி பாய, அதிக வோல்ட் வேண்டும். அந்த அதிக வோல்ட்டைத் தாங்காமல் பலவீனமான உறை விட்டுக்கொடுக்கிறது. சமதரையில் நன்றாக ஓடும் வண்டி கொல்லிமலை வளைவிலோ, குன்னூர் ஏற்றத்திலோ திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் ஈரமும் தூசியும் சேர்ந்து, ஒயரின் மேலேயே மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன.

இதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் நஷ்டம் ஒயரோடு நிற்காது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடும் கலக்கும். கார்பரேட்டரிலும் பெட்ரோல் கசிந்து, பக்கத்திலேயே பொறியும் தெறித்தால்... விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஒயர்தான் குற்றவாளியா?

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம், இருட்டு போதும். இரவில், திறந்த வெளியில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். கசிவு பெரிதாக இருந்தால் ஒயரின் மேல் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ‘டிக் டிக்’ என்ற சத்தமும் கேட்கலாம். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யக் கூடாது, புகை உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் வாசனை அடித்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். துப்பட்டா, முந்தானை, துண்டு எதுவும் ஃபேனில் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் வண்டியில் ஒயரைத் தொடவே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் தள்ளியே நிற்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, மாற்றிப் பார்ப்பது. எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறதோ, அதன் ஒயரை முழுவதுமாகக் கழற்றி, எட்டும் நீளமுள்ள இன்னொரு சிலிண்டரின் ஒயரோடு இடம் மாற்ற வேண்டும். வியாதியும் கூடவே அடுத்த சிலிண்டருக்கு மாறிப் போனால் ஒயர்தான் காரணம். பழைய சிலிண்டரிலேயே நின்றுவிட்டால் ஒயர் நிரபராதி; பிளக்கையும் கேப்பையும் பாருங்கள்.

மூன்றாவது, மல்டிமீட்டர். ஒயரின் இரு முனைகளிலும் வைத்து ஓம் அளவைப் பார்க்கலாம். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. மீட்டர் ஒயருக்குள் அனுப்புவது ஒரு சின்ன பேட்டரியின் சில வோல்ட்களை மட்டுமே. 20,000 வோல்ட்டில் உறை கசிகிறதா என்பது அதற்குத் தெரியாது. எனவே ‘மீட்டரில் சரியாகக் காட்டுகிறது’ என்பது பாதிச் சான்றிதழ்தான். உறை காய்ந்து கட்டியாக இருந்தாலோ, மடக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ, எலி கடித்த தடம் இருந்தாலோ, மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுவது நல்லது. வண்டி ஓடாமல் நின்றாலும் வெயிலும் வயதும் ரப்பரை விடுவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே எல்லா ஒயரும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் உள்ளே ஓடும் கருவில்தான். அதில் மூன்று வகை.

*செம்பு ஒயர்:* நடுவில் மெல்லிய செம்பு இழைகள் பல முறுக்கப்பட்டிருக்கும். மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். பழைய கார்களின் தோற்றத்துக்குப் பொருத்தமானது. மீட்டர் கணக்கில் வாங்கி, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, முனை மாட்டிக்கொள்ளலாம்; நெடுநாள் உழைக்கும். இதன் ஒரே குறை, ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். காரணம் எளிது. மார்க்கோனியின் முதல் கம்பியில்லாத் தந்திக் கருவிகள் மின்பொறியை வைத்துத்தான் அலைகளை அனுப்பின. நொடிக்கு 100 பொறி அடிக்கும் காரும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்தான். செம்பு ஒயர் அதன் ஏரியல்.

*கார்பன் ஒயர்:* செம்புக்குப் பதில், கார்பன் ஏற்றிய நார் கறுப்பாக ஓடும். தயாரிப்பைப் பொறுத்து, மீட்டருக்கு ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை இருக்கும். இந்தத் தடைதான் ரேடியோ இரைச்சலை அடக்குகிறது. ஆனால் நார் மென்மையானது. பிளக்கில் இருந்து கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளேயே அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. வயதாக ஆகத் தடையும் கூடிக்கொண்டே போகும்.

*சுருள் ஒயர்:* உறுதியான நாரின் மேல் மிக மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மின்தடை கார்பனைவிடக் குறைவு. ஆனால் சுருளாக இருப்பதாலேயே இரைச்சலை அடக்கிவிடும். கார்பனைவிட அதிக நாள் வரும், விலையும் கூடுதல்.

கடையில் முனையின் ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் செம்பு; பல ஆயிரம் ஓம் காட்டினால் கார்பன்.

சரி, உங்கள் வண்டிக்கு எது? அதற்குத்தான் மூன்று கேள்விகள்.

கேள்வி 1: கேப்பில் ஒயரை எப்படி மாட்டுகிறோம்?

பலரும் யோசிக்காத கேள்வி இது. பழைய கார்களில் சிலவற்றின் கேப்பில், ஒயர் பக்கவாட்டில் நுழையும். உள்ளே இருந்து கூர்மையான ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகினால், அது ரப்பரைத் துளைத்து நடுக்கருவில் குத்தி நிற்கும். சில பழைய காயில்களிலும் கேப்களிலும் ஒயர் இழைகளை ஒரு சின்னப் பித்தளை வாஷரில் விரித்து மடக்கி, மேலே நட்டால் இறுக்குவார்கள்.

இந்த இரண்டு அமைப்புக்கும் செம்பு ஒயர்தான் சரி. கார்பன் நாரில் ஸ்க்ரூ குத்தினால் நார் சிதைந்து தொடர்பு விட்டுப்போகும். வாஷரில் விரிக்கவோ அதில் இழையே இல்லை. ‘புது ஒயர் போட்டும் மிஸ் அடிக்குதே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கேப்பின் குழிக்குள் பித்தளை முனையோடு ஒயரை அழுத்திச் செருகும் வகை என்றால், மூன்று வகை ஒயரையும் போடலாம். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கேள்வி 2: பாயிண்டா, எலெக்ட்ரானிக்கா?

பழைய வண்டியில் டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட்டும் கண்டென்சரும் இருக்கும். அந்த அமைப்புக்குச் செம்பு ஒயர் தாராளமாகப் போதும். இப்போது பலர், அடிக்கடி பாயிண்ட் இடைவெளி வைக்கும் தொல்லை வேண்டாம் என்று, டிஸ்டிரிபியூட்டருக்குள்ளேயே சின்ன எலெக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்திவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் பழைய வண்டிதான். உள்ளே மூளை புதுசு.

அந்த மூளைக்கு மின் இரைச்சல் ஆகாது. தடையே இல்லாத செம்பு ஒயரையும் சாதா பிளக்கையும் சேர்த்துப் போட்டால், மாட்யூல் குழம்பித் தப்பான நேரத்தில் பொறி அடிக்கலாம், கெட்டும் போகலாம். எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்ட வண்டிக்குச் சுருள் ஒயரோ, கார்பன் ஒயரோதான் பாதுகாப்பு. மாட்யூலோடு வந்த காகிதத்தில் எந்த ஒயர் என்று எழுதியிருந்தால் அதுதான் இறுதித் தீர்ப்பு.

பழைய காரை வாங்கியவர்கள், முந்தைய சொந்தக்காரர் என்ன மாட்டினார் என்று தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பது உண்டு. கேப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி 3: பிளக்கில் ‘ஆர்’ இருக்கிறதா?

ஸ்பார்க் பிளக்கிலேயே தடை வைத்த வகையும் உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் ‘பி.பி.6.இ.எஸ்.’ என்றால் சாதா, ‘பி.பி.ஆர்.6.இ.எஸ்.’ என்றால் நடுவில் வரும் ‘ஆர்’ எழுத்து உள்ளே தடை இருப்பதைச் சொல்கிறது. இவை தவிர, பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பிலும் தடை வைத்தது கிடைக்கும்; அதன் மேலேயே ஓம் அளவை அச்சிட்டிருப்பார்கள்.

ரேடியோ இரைச்சலை அடக்க எங்காவது ஓரிடத்தில் தடை இருந்தால் போதும். ஸ்க்ரூ குத்தும் பழைய கேப் என்பதால் செம்பு ஒயர்தான் போட்டாக வேண்டும். ஆனால் வண்டியில் ரேடியோவும் இருக்கிறது. இந்த நிலையில் ‘ஆர்’ பிளக்கையோ, தடை வைத்த பிளக் கேப்பையோ போட்டால் வேலை முடிந்தது. அதற்காகக் கார்பன் ஒயர், தடை கேப், ‘ஆர்’ பிளக் என்று மூன்றையும் அடுக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை.

தடிமனும் நிறமும் மயக்கும்

கடைகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணைப் பறிக்கும் தடித்த ஒயர்கள் தொங்கும். ‘இதைப் போட்டா பிக்கப் கூடும் சார்’ என்ற சிபாரிசும் வரும். நல்ல நிலையில் இருக்கும் ஒயருக்குப் பதில் தடித்த ஒயர் போடுவதால் இன்ஜினுக்குப் புதுப் பலம் வராது. பிளக் கேட்கும் வோல்ட்டைச் சிந்தாமல் கொண்டுசேர்ப்பது மட்டுமே ஒயரின் வேலை.

பழைய கார்களின் கேப்களும் கிளிப்புகளும் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் ஒயருக்கு அளவெடுத்தவை. 8 மில்லிமீட்டர் ஒயரில் கூடியிருப்பது பெரும்பாலும் உறையின் தடிமன்தான். குழிக்குள் முழுவதும் இறங்காமல் அரைகுறையாக நின்றால், அந்த இடைவெளியிலேயே பொறி அடித்துக் கேப் கருகும்.

உறையில் கவனம் வையுங்கள். பி.வி.சி. உறை சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். சிலிகான் உறை சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கூரான இடத்தில் உரசினால் கிழியும். நம் ஊர் வெயிலுக்கும் பானெட் சூட்டுக்கும் கறுப்பு சிலிகான் உறை போட்ட 7 மில்லிமீட்டர் ஒயர் கிடைத்தால், தோற்றமும் கெடாது, உழைப்பும் இருக்கும்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெருவுக்குப் போகும்போது பழைய ஒயர் ஐந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீளம், முனையின் வடிவம், பிளக் பக்கத்து வளைவு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஒயர் குட்டையாக இருந்தால் இன்ஜின் அதிர்வில் இழுபடும். நீளமாக இருந்தால் தொங்கிப்போய் சூடான மேனிஃபோல்டில் உட்கார்ந்து உருகும். முனை ஆடினாலோ, கையால் இழுத்தாலே கழன்று வந்தாலோ அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது மறக்கக் கூடாதவை

• இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சாவி வெளியே இருக்க வேண்டும்.

• தொடும் முன் மொபைலில் இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

• ஐந்தையும் ஒரேயடியாகப் பிடுங்காமல், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். அம்பாசடரின் பழைய 1489 சி.சி., ஹெரால்டின் 948 சி.சி., பத்மினியின் 1089 சி.சி. ஆகிய மூன்று பெட்ரோல் இன்ஜின்களிலும் பொறி அடிக்கும் வரிசை 1-3-4-2தான். ஆனால் ரோட்டார் சுற்றும் திசை வண்டிக்கு வண்டி மாறலாம். குழம்பிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அல்லது கார்பரேட்டர் வழியாக வெடிக்கும்.

• ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் தலையைப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள். மாட்டும்போது முனை ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும்.

• ஒயர்களை டேப் சுற்றி ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றில் பாயும் மின்சாரம் பக்கத்து ஒயரையும் தூண்டிவிடும். கிளிப் போட்டு இடைவெளி விடுங்கள்.

• கேப்பின் உட்புறத்தையும் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் அங்கே திருட்டுப் பாதை போட்டிருக்கிறது. கேப்பை மாற்றாமல் ஒயரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

• கழற்றிய ஒயர்களில் நல்லதாகவும் நீளமாகவும் இருக்கும் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள். நடுவழியில் கைகொடுக்கும்.

பழமை கெடுமா?

ஒரிஜினலாக வைத்திருக்கும் வண்டியில் புது ஒயர் போடலாமா என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அதற்கு சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிளக் ஒயர் டயரைப் போல, ஃபேன் பெல்ட்டைப் போலத் தேய்ந்து மாறும் பாகம். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கறுப்பு நிறத்திலேயே வாங்குங்கள். எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டால், கழற்றிய பாயிண்ட், கண்டென்சரைப் பத்திரப்படுத்துங்கள். என்றைக்கு வேண்டுமானாலும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஹெரால்டு தயாரித்த சென்னைத் தொழிற்சாலை இன்று இல்லை. கடைசி அம்பாசடர் 2014-ல் வெளிவந்தது. குர்லாவில் பத்மினி உருவான காலமும் போய்விட்டது. எடைக்குப் போகும் ஒவ்வொரு வண்டியோடும் அந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது, திரும்ப வராது. எனவே அடுத்த முறை யாராவது “இன்ஜின் போச்சு” என்று சொன்னால், பதறாமல் கேளுங்கள்: “அண்ணே, பிளக் ஒயரை மாத்திப் பார்த்துட்டீங்களா?”